பேட் அடிப்பவர் யாரைப் பார்க்கிறார்?

தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் தானாக முழங்கும் மேளம் நெல்லைச் சீமையின் பல கோயில்களுக்கு வந்து வெகுகாலமாகிவிட்டது. ஒரே இரும்புச் சட்டத்தில் முரசும் மணியும் பூட்டியிருக்கும். மோட்டார் சுற்றச் சுற்ற அடிகோல் விழும். தாளம் பிசகுவதில்லை. ஆனாலும் கும்பிட்டு நிற்கிறவர்கள் அதன் பக்கம் முகம் திருப்புவதில்லை. அதே கோயிலுக்குக் கொடை விழாவுக்காக வந்திறங்கிய நையாண்டி மேளத்துத் தவில்காரர் தோள்வாரைச் சரிசெய்துகொண்டு முதல் அடியைப் போடட்டும், எதிர்த்த டீக்கடையிலிருந்து பாதி குடித்த தம்ளரோடு ஆட்கள் எழுந்து வந்துவிடுவார்கள்.

மின்சாரம் நுழைந்தால் இசை செத்துவிடும் என்று இதை வைத்து முடிவுகட்டுவது எளிது. அந்த முடிவு அன்று இரவே பொய்த்துப்போகும். கொடை மேடையில் ஏறும் இன்னிசைக் குழுவில் தோலும் மரமும் இப்போது குறைந்துவிட்டன. இரண்டு தட்டு ஸ்டாண்டில் இரண்டு கீபோர்டு, ஓரத்தில் ரப்பர்ப் பரப்புகள் பதித்த ரிதம் பேட். பேட்காரர் குச்சியால் தட்டும்போது நாம் கேட்கும் உடுக்கை, எங்கோ எப்போதோ ஒருவர் அடித்துப் பதிவானது. சில்லுக்குள் ஒரு டோனாகக் கிடக்கிறது. அந்த உடுக்கைக்குத்தான் அம்மன் பாட்டில் பெண்கள் குலவையிடுகிறார்கள். அந்த உடுக்கைக்குத்தான் முன்வரிசையில் ஒருத்திக்கு அருள் வந்து தலைமுடி அவிழ்கிறது. கோயில் மேளமும் பேடும் மின்சாரத்தில் ஓடுபவையே. ஒன்றை ஊர் கண்டுகொள்வதில்லை, மற்றதற்கு ஊரே எழுந்து நிற்கிறது.

சிந்தசைசரும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு கூட்டத்தின் முன்னால் நிற்கிற கலைஞர்கள் உலகம் முழுக்க இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் பாட்டு வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு, அதை மேடையேறி அமுக்குவதைப் பார்க்க எதற்காக ஒருவர் வீட்டைவிட்டு வர வேண்டும்? இதற்கு நல்ல விடை தாமிரபரணிக் கரையின் கொடைக்களங்களில் இருக்கிறது என்பது என் துணிபு. வாத்தியம் தோலா, ரப்பரா என்பது அவ்வளவு முக்கியமில்லை. வாசிப்பவர் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்கிறாரா என்பதுதான் கூட்டத்தை நிறுத்திவைக்கிறது.

வரத்துப் பாட்டின் கணக்கு

பாபநாசத்தில் மலையிறங்கி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி தாண்டி ஆறு கடலில் சேரும் வரை சுடலைமாடனுக்கோ இசக்கிக்கோ முத்தாரம்மனுக்கோ பேச்சிக்கோ கொடை நடக்காத ஊர் அபூர்வம். கால்நாட்டு, குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை என்று நீளும் அந்த நேரத்தில் வில்லுப்பாட்டும், பல இடங்களில் கணியான் கூத்தும், மேளமும் மாறி மாறிக் களத்தில் இருக்கும். பந்தலில் பாய்விரித்துப் பெண்கள், ஓரத்தில் நின்றபடி ஆண்கள், மேடைக்குக் கீழேயே தூங்கிப்போன பிள்ளைகள். இவர்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அல்லர். பிடிக்காவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போக நாலு எட்டு வைத்தால் போதும். இவர்களை விடிய விடிய உட்கார வைப்பதற்கு ஈடான பரீட்சை எந்த நகரத்து அரங்கத்திலும் கிடையாது.

வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகரான அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" என்பார்கள். கேட்பவர் சார்பில் மேடையிலேயே ஒரு கேட்பாளர் உட்கார்ந்திருக்கிறார். கதையை எந்த இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், எங்கே அதிர வேண்டும் என்று கூட்டம் அவரிடமிருந்து கற்றுக்கொள்கிறது. நெல்லை மாவட்டம் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்தக் கலையைச் சென்னை மேடைகளுக்கும் வானொலி, தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று 2022-இல் மறைந்தார். காந்தி கதையோ நாட்டு நடப்போ, எதைப் பாட எடுத்தாலும் அந்த "ஆமா"வை அவர் கைவிடவில்லை. கோயிலும் கொடையும் இல்லாத இடத்தில்கூட வில்லிசையைத் தாங்கி நிறுத்தியதில் அந்த ஒரு சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

கொடையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சாமிக்கு அருள் வர வேண்டிய நேரத்துக்குக் கதை வரத்துப் பாட்டில் வந்து சேர வேண்டும். அலங்காரம் தாமதமானால் நடுவில் ஒரு கிளைக்கதை நீளும். சாமியாடும் கோமரத்தாடிக்கு முன்கூட்டியே உடல் குலுங்கத் தொடங்கிவிட்டால் பாதிக் கதையைத் தாண்டிக்கொண்டு வரத்துக்குத் தாவ வேண்டும். வீசுகோல் பிடித்த அண்ணாவியின் கண் அந்த நேரத்தில் கோமரத்தாடியின் முகத்தைவிட்டு அகலாது. கணியான் கூத்தில் இது இன்னும் கூர்மை. நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றிய இரண்டு மகுடப் பறைகள், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அடிப்பவர்கள் சாமியாடியின் காலடியைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டிய வேகத்தில் சாமியாடி எழுகிறார். எழுந்த ஆட்டத்தைப் பார்த்து மகுடம் இன்னும் ஏறுகிறது. யார் யாரை நடத்துகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த நிலைக்காகத்தான் ஊர் கண்விழித்துக் காத்திருக்கிறது.

இந்தச் சங்கதியைக் கடல் தாண்டி ஒரு இளைஞர் தானாகக் கண்டுபிடித்தார். ஜமைக்காவிலிருந்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிவந்தவர், மேடைப் பெயர் கூல் ஹெர்க். 1973 ஆகஸ்ட் 11 அன்று தன் அடுக்குமாடி வீட்டின் பொது அறையில் நடந்த விருந்தில் இசைத்தட்டுகள் போட்டார். ஹிப்-ஹாப் பிறந்த நாளாக அதைக் கொண்டாடுகிறார்கள். ஆடுகிறவர்களைக் கவனித்துப் பார்த்ததில், பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே அவர்கள் காத்துக்கிடப்பது அவருக்குப் புரிந்தது. அதே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் தொடங்கி, சில விநாடியைப் பல நிமிடமாக நீட்டினார். வரத்துப் பாட்டை நீட்டும் அண்ணாவி செய்வது இதைத்தான். ஹெர்க் ஒரு வாத்தியத்தையும் வாசிக்கவில்லை, முழுக்கப் பதிவு செய்த இசையே. ஆனால் எதிரே ஆடுகிற காலுக்குப் பதில் சொன்னார். கோயில் மோட்டாரால் முடியாதது அதுதான்.

நெஞ்சில் கேட்கும் ஒலி

கூட்டத்தை இசை பிடிப்பதில் காதுக்குத் தெரியாத ஒரு பங்கும் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆர்ஃபெக்ஸ் என்ற மின்னிசை இருவர் குழுவை மேடையேற்றி ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2022-இல் வெளியாயின. 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான, காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கிற அடித்தொனியை மட்டும் தரும் ஸ்பீக்கர்களை யாருக்கும் சொல்லாமல் சில நிமிடத்துக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அவை ஓடும்போது ஆட்டத்தின் அசைவு சுமார் 12 சதவீதம் கூடியது. அப்படி ஒன்று ஓடுவதை ஜனங்களால் காதால் கண்டுகொள்ளவும் முடியவில்லை. தவிலின் தொப்பியும் மந்த மகுடமும் நம் நெஞ்சுக்கூட்டில் செய்கிற வேலையை இந்தச் சோதனை நினைவூட்டுகிறது.

நம் கொடைகளில் இந்த அடித்தொனி நெடுங்காலம் ஒலிபெருக்கி வழியாக வந்ததே இல்லை. பனையிலும் கம்பத்திலும் கட்டிய கூம்புக் குழாய்கள் நடுத்தொனியை மட்டும் வெகுதூரம் எறியும். கீச்சென்ற குரல் ஊர் எல்லை தாண்டும், மேளத்தின் அடிவயிறு வழியிலேயே காணாமல் போகும். போதாததற்கு ஒலி மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. தெருக்கோடிக் குழாய் 340 மீட்டர் தள்ளியிருந்தால், அங்கிருந்து வரும் பாட்டு கோயில் வாசலில் ஒரு விநாடி பிந்திக் கேட்கும். வரிசையாகக் குழாய் கட்டிய ஊரில் ஒரே பல்லவி மூன்று நான்கு தடவை காதில் விழுவது இதனால்தான். அந்தக் குழப்பத்தில் யாரும் தாளத்துக்குக் கைதட்ட முடியாது. பெட்டி ஸ்பீக்கரும் சப்-வூஃபரும் வந்த பிறகுதான் பேடின் அடி மேடைக்கு முன்னால் நிற்பவரின் உடம்பில் விழுகிறது. கொடையில் இளைஞர்கள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நிற்பதைப் பெரியவர்கள் திட்டலாம். அவர்கள் தேடுவது, முன்பு தவில்காரரின் பக்கத்தில் நின்றவர்கள் தேடியதைத்தான்.

அதற்காகச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதை நான் ஏற்கவில்லை. குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற தெரு அது. சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் வாசிப்பவருக்கும் கூட்டம் கேட்காமல் போகிறது. குலவையும் விசிலும் மேடைக்கு எட்டவில்லை என்றால் அவர் யாருக்குப் பதில் சொல்வார்?

ரோஜாவுக்குப் பிறகு

ஊர்மேடைக்கு மின்னிசை வந்த வழி சினிமா. அந்தக் காலத்து மெல்லிசைக் குழு என்றால் வயலின், புல்லாங்குழல், அக்கார்டியன், தபேலா, பாங்கோ, காங்கோ என்று பதினைந்து பேராவது இருப்பார்கள். 1983-இல் யமஹாவின் டிஎக்ஸ்-7 சிந்தசைசர் வந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் மின்வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேச வழிசெய்த மிடி என்ற பொதுமொழியும் அதே ஆண்டில் வந்தது. 1985-இல் ரோலண்டின் ஆக்டோபேட் என்ற ரிதம் பேட். 1986-இல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசையமைத்தார். பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான் ஆன திலீப் அப்போது அவரிடம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். 1992-இல் ரஹ்மான் இசையில் ரோஜா வந்ததும் ஊர்க்குழுக்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. அந்தப் பாட்டுகளின் சத்தத்தைத் தபேலாவிலும் வயலினிலும் கொண்டுவர முடியாது. கீபோர்டு இல்லாத குழுவை யாரும் கூப்பிடவில்லை. வயலின்காரருக்கும் குழல்காரருக்கும் மேடையில் இடம் போனது ஒரு பெரிய இழப்பு. அந்த வாத்தியங்களின் சாயல் கீபோர்டில் கிடைத்தது, வாசித்தவர்களின் பிழைப்பு திரும்பக் கிடைக்கவில்லை.

இருந்தும் பேடை வெறும் பெட்டி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தோலில் ஒரே இடத்தில் இரண்டு முறை அடித்தாலும் ஒலி கொஞ்சமாவது மாறும். பேடில் ஒரே டோன் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் காது சில நொடியிலேயே சலித்துவிடும். கைதேர்ந்த பேட்காரர் இதைத் தெரிந்துகொண்டு அடியின் வலுவை மாற்றுகிறார், ஓரத்தில் இன்னொரு டோனை ஒளித்துவைத்து இடையிடையே தொடுகிறார். கூட்டம் சூடேறும்போது எழுதிவைத்த ரிதத்தை விட்டுவிட்டுப் பம்பைக்குத் தாவுகிறார். அருள் வந்தவர் களத்தில் நிற்கும்வரை பாட்டு முடிந்தாலும் அவர் கை நிற்காது. பாடகர் மைக்கை இறக்கிவிட்டிருப்பார், கீபோர்டு ஒற்றைச் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும், பேட் மட்டும் தொடரும். அந்தச் சில நிமிடத்தில் ரப்பர்ப் பலகை மகுடத்தின் வேலையைச் செய்கிறது.

பம்பாய் ஸ்டுடியோ வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை ரோலண்ட் தாள இயந்திரத்தின் மேல் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். அன்று விலைபோகவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்ததும் மேற்கே மின்நடன இசைக்காரர்கள் திகைத்துப்போனார்கள். தாங்கள் பின்னால் கண்டடைந்த ஒலி அதில் முன்பே இருந்தது. எழுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் அவர் வாசிக்க, இளைஞர்கள் ஆடினார்கள். இயந்திரம் மாறாத தாளத்தைப் போட்டது, ராகத்தின் வளைவும் நெளிவும் அவர் விரலில் இருந்தது. பதில் சொல்ல வேண்டாத வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, பதில் சொல்கிற வேலையைக் கையில் வைத்துக்கொள்கிற இந்தப் பங்கீடு நமக்குப் புதிதில்லை. கர்நாடகக் கச்சேரி மேடைகளில் தம்புராவின் இடத்தில் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி பரவலாக வந்துவிட்டது. மிருதங்கத்தின் இடத்தில் பெட்டி வைக்க யாரும் துணியவில்லை.

கை தெரிய வேண்டும்

வாசிப்பவர் கூட்டத்தைப் பார்ப்பது ஒரு பாதி. கூட்டம் வாசிப்பவரைப் பார்ப்பது மறுபாதி. பியானோ கலைஞரும் ஆய்வாளருமான சியா-ஜுங் சாய் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இசைக்காரர்களை உலுக்கியது. சர்வதேசப் போட்டிகளின் இறுதிச்சுற்றுப் பதிவுகளைச் சிலருக்கு ஒலி மட்டும், சிலருக்கு ஒலியோடு படம், சிலருக்கு ஒலியில்லாத படம் என்று காட்டி, வென்றவர் யார் என்று கேட்டார். ஊமைப்படம் பார்த்தவர்களே மற்றவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். இசை தெரிந்த வல்லுநர்களும் இதற்கு விலக்கில்லை. காதை நம்புவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம், கண் நமக்கு முன்னால் போய்விடுகிறது.

லேப்டாப் கச்சேரியின் சிக்கல் இங்கே தெரிகிறது. தவிலில் கை உயரும்போதே அடி எப்படி விழும் என்று நமக்குத் தெரியும். நாமும் உடம்பால் அந்த அடிக்குத் தயாராகிறோம். லேப்டாப்பில் பெரிய இடி விழுவதும் சின்ன மணி ஒலிப்பதும் ஒரே விரலசைவு. 2012-இல் கனடாவின் பிரபல மின்னிசைக் கலைஞர் டெட்மவுஸ், பெரிய மேடைகளில் தாங்கள் எல்லோரும் ப்ளே பொத்தானை அமுக்குகிறவர்களே என்று வெளிப்படையாக எழுதினார். அவர் சொன்னதில் நேர்மை இருந்தது. விளக்கும் திரைக்காட்சியும் இசையோடு விநாடி பிசகாமல் ஓட வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் பூட்ட வேண்டும், பூட்டிய பிறகு நினைத்த இடத்தில் நீட்டவோ நிறுத்தவோ முடியாது. ஒளி ஜாலம் பெருகப் பெருக வாசிப்பவரின் கை கட்டப்படுகிறது. நம் நகரங்களில் நடக்கும் பெரிய சினிமா இசை நிகழ்ச்சிகளிலும் டிரம்மரின் காதில் வேகத்தைக் காட்டும் 'கிளிக்' ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கூட்டத்தைவிட அதற்கே அதிகம் கட்டுப்பட்டவர்.

இதிலிருந்து வெளியே வர வெவ்வேறு வழிகளில் முயன்றார்கள். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் மேடையில் பொம்மைபோல அசையாமல் நிற்பதற்குப் பேர்போனவர்கள். 1981 சுற்றுப்பயணத்தில் கையடக்கக் கருவிகளோடு மேடை விளிம்புக்கு வந்து, முன்வரிசைக்காரர்களிடம் நீட்டி அவர்களையே பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். 2004-இல் உருவான டாப்லாப் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள், மேடையிலேயே கம்ப்யூட்டர் நிரல் எழுதி அதிலிருந்து இசை எழுப்புகிறார்கள். எழுதுவதைப் பெரிய திரையில் காட்டியாக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஒரு எழுத்துப் பிழை வந்தால் இசை தடுமாறுவது எல்லோருக்கும் தெரியும், திருத்தி மீளும்போது அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. நம் டிரம்ஸ் சிவமணி இதைவிட எளிய வழி வைத்திருக்கிறார். மின்பேடுகளுக்கு நடுவே சூட்கேஸ், தண்ணீர்க் கேன் என்று கைக்கு அகப்பட்டதை அடிப்பார். பிறகு ஒரு சின்னத் தாளக்கட்டை விட்டுவிட்டுக் கூட்டத்தைக் கைதட்டலால் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். கூட்டம் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பையே எடுத்து வாசிப்பார். அந்த இடத்திலிருந்து கூட்டமும் குழுவில் சேர்ந்துவிடுகிறது.

மைனஸ் டிராக்

இப்போது ஊர்மேடைகளில் இன்னொரு மாற்றம் நடக்கிறது, அது எனக்குக் கவலை தருகிறது. முழுக்குழுவுக்கு ஆகும் செலவைக் கொடை வரியிலிருந்து ஈடுகட்ட முடியாத ஊர்கள், இரண்டு பாடகர்களும் ஒரு லேப்டாப்பும் வந்தால் போதும் என்கின்றன. குரலை நீக்கிய மைனஸ் டிராக் ஓடும், மேலே பாடுவார்கள். குரல் நன்றாகவே இருக்கும், வாத்தியச் சத்தம் சினிமாவில் கேட்டது மாதிரியே இருக்கும். ஆனால் அருள் வந்து ஒருத்தி ஆடிக்கொண்டிருக்கும்போது டிராக் முடிந்துவிடும். அவள் களத்தின் நடுவில் நிற்க, அடுத்த பாட்டைத் தேடி மௌஸ் நகரும். கோயில் மோட்டாருக்கும் அந்த லேப்டாப்புக்கும் அந்தக் கணத்தில் வேறுபாடு இல்லை.

காசு குறைவான ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. லேப்டாப்பை வைத்துக்கொண்டே வழி இருக்கிறது. டிராக்கோடு ஒரே ஒரு பேட்காரரைச் சேர்த்துக்கொண்டாலும் பாட்டு முடிந்த பிறகு தாளத்தைத் தொடர ஒரு கை கிடைக்கும். டிராக்கை ஒரே துண்டாக ஓட்டாமல் பல்லவி, இடையிசை, சரணம் என்று வெட்டிவைத்து, வேண்டிய துண்டை வேண்டிய தடவை சுற்றவிடுகிற மென்பொருள்கள் எப்போதோ வந்துவிட்டன. சரியாகப் பார்த்தால் அது கூல் ஹெர்க்கின் இரண்டு இசைத்தட்டுகள்தான். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படிக்கிற, வீட்டில் லேப்டாப்பில் இசை செய்கிற பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. அவர்கள் தங்கள் ஊர்க் கொடைக்கு ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

அவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மகுடத்தின் உச்சத்தையும் மந்தத்தையும் நல்ல மைக்கில், மெல்லிய தட்டலிலிருந்து முழு அடிவரை பல வலுவில் பதிந்து, பேடில் ஏற்றக்கூடிய டோன்களாக ஆக்கலாம். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலைப் படிப்பாகவே சொல்லித்தருகிறார்கள், இதற்கான வழிகாட்டல் ஊருக்குள்ளேயே கிடைக்கும். பதிவு செய்யும் கணியான் கலைஞருக்கு உரிய பணமும், டோனின் பெயரிலேயே அவர் பெயரும் போக வேண்டும். உடுக்கையைப் பதிந்து கொடுத்தவர் யார் என்று இன்று ஒரு பேட்காரருக்கும் தெரியாது. மகுடத்துக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

நேரத்தின் நெருக்கடியும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். விடிய விடிய நடந்த கச்சேரி மூன்று மணி நேரத்துக்குள் சுருங்குகிறது. அதில் முதல் ஒரு மணி நேரம் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றே போய்விடுகிறது. குழுவைச் சாயங்காலமே வரவழைத்து, வெயில் தாழ்ந்ததும் ஒலியைச் சரிபார்த்து முடித்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் ஊருக்கு மிச்சம்.

அடுத்த கொடைக்குக் குழு பேசப்போகும் கமிட்டிக்காரர்கள் வாடகை, வேன், சாப்பாடு பேசி முடித்த பிறகு ஒன்றைக் கேட்கலாம்: பேடை எங்கே போடுவீர்கள்? வழக்கமாக அது மேடையின் பின்மூலையில், பாடகர்களின் முதுகுக்குப் பின்னால், கலர் லைட்டின் நிழலில் கிடக்கும். முன்மூலைக்குக் கொண்டுவந்து, சாமியாடும் களத்தைப் பார்த்தபடி கொஞ்சம் சாய்த்துப் போட்டால் அவர் கண்ணுக்குக் களம் தெரியும், களத்துக்கு அவர் கை தெரியும். கேபிள் பத்தடி கூடுதலாக வேண்டும், அவ்வளவே.